முப்பதுக்கு இருபத்தாறு

செல்லபாய் டீச்சருக்கு முப்பதுக்கு இருபத்தாறு மார்க் வந்திருந்தது. பெண்டாட்டி பாஸாகிவிட்டாளே என்று வயிறெரிந்த புருஷன் அருமனைப் பக்கத்தில் ஞானசிங் ஒருவராகத்தான் இருப்பார். பதினெட்டுக்குக் கீழே வந்தால்தான் காரியம் நடக்கும் என்று தாளின் அடியிலேயே அச்சடித்திருந்தது. நர்ஸ் சுஜியின் ஸ்கூட்டர் ரப்பர் மரங்கள் நின்ற விளையைத் தாண்டி மறைந்த பிறகும் அவர் அந்தத் தாளோடு முற்றத்திலேயே நின்றார்.

"எம்பிடு மார்க்கு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் செல்லபாய். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தவள். எது எதுவோ போய்விட்டது, மார்க் என்ற சொல் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

"இருபத்தாறு. சந்தோசமா?"

"கொள்ளாம்," என்றாள்.

'பரவாயில்லையே' என்ற திருப்தியோடு வந்த அந்தக் 'கொள்ளாம்' தான் ஞானசிங்குக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு உள்ளத உள்ளபடி காட்டப்பிடாதா நீ?" என்று கத்திவிட்டார். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எதற்குத் திட்டு வாங்கினோம் என்பது இரண்டு நிமிஷத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று. பயம் மட்டும் சாயங்காலம் வரை முகத்தில் இருந்தது. ஞானசிங் அதைப் பார்த்துப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டார்.

அன்று காலையில்தான் இதே செல்லபாய் குளியலறைக்கு வழி தெரியாமல் அடுக்களைச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். முந்தின நாள் அடுப்பில் காஸைத் திறந்துவிட்டு, தீப்பெட்டியை ஃபிரிட்ஜுக்குள் தேடினாள். போன மழையில் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி நிறுத்தும்போதுதான் ஞானசிங்கின் அடிவயிற்றில் ஏற்கெனவே இருந்த புடைப்பு கல் மாதிரி இறுகி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. குடலிறக்கம். "இனியும் தள்ளிப்போட்டா குடலு முறுக்கிக்கிடும். பிறவு என்னையச் சொல்லாதிங்க," என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம்.

அந்த மூன்று வாரமும் செல்லபாயை யார் பார்ப்பது? ஒரே மகன் ஷாஜன் மஸ்கட்டில் இருந்தான். "மே மாசம் லீவு கிட்டும்பா, அப்ப வச்சிக்கிடலாமே," என்றான். குடல் மே மாதம் வரை காத்திருக்குமா என்று அவனிடம் கேட்க ஞானசிங்குக்கு மனசு வரவில்லை.

மார்த்தாண்டத்தில் மறதிநோய்க்காரர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருந்தது. அவர்களுக்கு மூன்று வாரம் வைத்துக்கொள்ளச் சம்மதம்தான். ஆனால் சுகாதாரப் பிரிவும் நலப் பிரிவும் சேர்ந்து ஒப்புதல் தரவேண்டும். ஒருங்கிணைந்த பராமரிப்பு என்று அதற்குப் பெயர். இந்தப் பெயரை வைத்த மனுஷன் மட்டும் கையில் அகப்பட்டால் அவரைத் திருவட்டாறு பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கவிட்டே நாலு டிரிப் அடிக்கலாம் என்று ஞானசிங்குக்கு ஆத்திரம். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர், அவருக்கு வேறு தண்டனை தெரியாது.

இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தன. சுகாதாரம் கீழே, நலம் மேலே, இடையில் இருபத்திரண்டு படி. விண்ணப்பமும் ஒரே தாள்தான். முன்பக்கம் கீழே உள்ளவர்களுக்கு, பின்பக்கம் மேலே உள்ளவர்களுக்கு. முன்பக்கத்தில் சீல் விழுந்தால்தான் பின்பக்கத்தை எழுதுவோம் என்றார்கள் மேலே. பின்பக்கத்தில் வீட்டு நிலைமை எழுதி வந்தால்தான் முன்பக்கத்தில் கைவைப்போம் என்றார்கள் கீழே. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மறதிநோய் என்று எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டினார் ஞானசிங். "நோய் இருக்குன்னு போட்டிருக்கு, எவ்வளவு உதவி வேணும்னு போடலியே," என்றார்கள் மேலே. "உதவி எவ்வளவுன்னு பாக்கது எங்க வேல இல்ல," என்றார்கள் கீழே. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கடையிலிருந்து ஒரே தூக்குப் பாத்திரத்தில் சாயா வரும். சாயா ஏறி இறங்கிய அந்தப் படியில் ஒரு காகிதம் தானாக ஏறி இறங்காது.

குடலைக் கையால் தாங்கிப் பிடித்தபடி அந்தப் படியில் எத்தனை தடவை ஏறினாரோ. ஒவ்வொரு தடவையும் செல்லபாயையும் கூட்டிக்கொண்டுதான். வீட்டில் விட்டால் விளைக்குள் இறங்கி எங்கேயாவது போய்விடுவாள். ஒருநாள் படியின் பாதியில் நின்றுகொண்டு அவள் கேட்டாள்.

"நாம ஏறுதோமா, எறங்குதோமா?"

யோசித்துப் பார்த்தால் ஞானசிங்குக்கும் அது தெரியவில்லை.

நாலு மாதம் அலைந்து, கடைசியில் இரண்டு பேரும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. கீழ்மாடியிலிருந்து சுஜி, மேல்மாடியிலிருந்து ஜாஸ்பர். ஞானசிங் அன்று வீட்டைக் கூட்டக்கூட இல்லை. உள்ள கோலத்தில் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சுஜி செல்லபாயிடம் படித்தவள். "டீச்சர், என்னையத் தெரியுதா?" என்று கையைப் பிடித்தாள்.

"தெரியாம? உனக்க எழுத்து கோழி கிண்டுனது மாதிரில்லா இருக்கும்," என்றாள் செல்லபாய். எந்தப் பழைய பிள்ளை வந்தாலும் அவள் சொல்லும் வாக்கியம் அதுதான். சுஜிக்கு அது தெரியாது. முகம் மலர்ந்து உட்கார்ந்தாள்.

ஜாஸ்பர் குளியலறையைப் படம் பிடித்துவிட்டு, வேலியோரமாய் நின்ற பக்கத்து வீட்டுப் பேபியிடம் விசாரிக்கப் போனார். பேபி வெள்ளந்தி. கேட்டதற்கு மேலேயே சொல்வாள். "டீச்சருக்கு என்ன கேடு? ஞாயித்துக்கெழம சபையில போதகரு பாட்டு நம்பரு சொல்லி வாய் மூடுகதுக்குள்ள புஸ்தகத்தத் தொறந்திருவாவ. எங்களுக்கு அதுக்குள்ள கண்ணாடியே கிட்டாது," என்றாள். ஜாஸ்பர் அதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

உள்ளே சுஜி தாளில் குனிந்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டாள். என்ன கிழமை, என்ன தேதி, எத்தனையாவது மாதம், எந்த வருஷம். செல்லபாய் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே உட்கார்ந்திருந்த புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு டக்கென்று பதில் சொன்னாள். எல்லாம் சரியான பதில். குடை, சாவி, தேங்காய் என்று மூன்று பெயரைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கொஞ்சம் கழித்துத் திரும்பக் கேட்டாள் சுஜி. குடையும் சாவியும் வந்தன, தேங்காய் மட்டும் வரவில்லை. மூன்று மார்க்குக்கு ஒரு படத்தைப் பார்த்து வரையச் சொன்னபோது பேனாவை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலு வருஷமாக என்னைப் படுத்துகிறவள் மார்க் போட ஆள் வந்ததும் முதல் பெஞ்சுப் பிள்ளையாகிவிட்டாளே என்று ஞானசிங் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தார்.

'லேசான மறதி. வெளியாள் உதவி தற்போது தேவையில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனார்கள். இந்தச் சபையில் இன்றும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தான். நடுவில் பாதை. பாதையோரமாய் இந்தப் பெஞ்சின் நுனியில் ஞானசிங் இருப்பார், அந்தப் பெஞ்சின் நுனியில் செல்லபாய். நாலு வருஷமாக அது மாறாத இடம். போதகர், "பாட்டு இருநூற்று நாற்பத்து மூன்று," என்றார்.

செல்லபாய் திரும்பி ஞானசிங்கின் முழங்காலைப் பார்த்தாள். அவரும் குனிந்து பார்த்தார். முழங்காலில் கிடந்த அவருடைய வலது கை இரண்டு விரலை நீட்டியது, பிறகு நாலு, பிறகு மூன்று. அவள் பக்கத்தைப் புரட்டிப் பாட்டை எடுத்துவிட்டாள்.

சபை முழுவதும் எழுந்து பாடியபோது ஞானசிங் அந்தக் கையைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார்.

நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பாட்டு நம்பர் காதுக்கும் கைக்கும் நடுவில் எங்கேயோ தவறிப்போயிற்று. தப்பான பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு தப்பான வரியைப் பாடினாள். பின் பெஞ்சில் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து, "நான் படிப்பிச்ச பிள்ளையளு என்னையப் பாத்துச் சிரிக்கு," என்று அழுதாள். அப்போது ஞானசிங்தான் சொன்னார், "இனி எனக்க கையப் பாரு" என்று. எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்பதைப் பின்படியில் நின்றபடியே கண்ணாடி வழியாக ஓட்டுநருக்கு விரலால் காட்டிப் பழகிய கை அது. முதலில் பாட்டு நம்பர் மட்டும்தான். பிறகு கல்யாண வீட்டில் யாராவது தேதி கேட்டால் தேதி. ஞாயிறு ஒன்று, திங்கள் இரண்டு என்று கிழமை. அவள் பதில் தேடி ஒரு பொருளின் பெயருக்குத் தடுமாறினால், இவர் கண் அந்தப் பொருளின் மேல் போய் நிற்கும். யாருக்கும் தெரியாது. போகப்போக அவருக்கே தெரியாமல் ஆகிவிட்டது. மனசைக் கேட்காமல் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

சுஜி வந்து கேள்வி கேட்ட அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் செய்திருக்கிறது. குடை சுவரில் தொங்கியது, சாவி ஆணியில் இருந்தது. தேங்காய் மட்டும் அறையில் இல்லை. இருபத்தாறு மார்க்கும் அவளுடையது இல்லை, முக்கால்வாசி இவர் வாங்கியது. பேபி சொன்ன சாட்சிக்கும் இவர்தான் காரணம். ஊர் சிரிக்கக் கூடாது என்று நாலு வருஷம் மூடி மூடி வைத்தது எவ்வளவு நன்றாகப் பலித்திருக்கிறது. இத்தனை நாள் கீழ்மாடியையும் மேல்மாடியையும் வாய் வலிக்கத் திட்டியவருக்கு, இப்போது திட்ட வேண்டிய ஆள் தன் சட்டைக்குள்ளேயே இருந்தது பெரிய கசப்பாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் செல்லபாயையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். மேலே போய் விஷயத்தைச் சொன்னார். "மறுபரிசோதனை ஆறு மாசம் கழிச்சுத்தான். அதுவும் மார்க் போட்டது கீழ, அங்கதான் கேக்கணும்," என்றார் அங்கிருந்தவர். கீழே வந்தார். "மேல உள்ளவங்க எழுதித் தந்தா நாங்க பாக்கலாம்," என்றார்கள். ஞானசிங்குக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்ற பயத்தில் நின்றார்.

வராந்தாவில் தடுப்பூசிப் பெட்டியோடு சுஜி வந்தாள். அவளிடம் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏன் மாமா அண்ணைக்கே சொல்லல்ல?"

"எனக்கே தெரியாது மக்களே."

அவள் நம்பவில்லை. ஆபரேஷனுக்காக மனுஷன் கதை கட்டுகிறார் என்று நினைத்தது அவள் கண்ணிலேயே தெரிந்தது. ஞானசிங் பெஞ்சில் இருந்த செல்லபாயின் எதிரே போய் நின்றார். "நீயே கேளு," என்றார்.

"டீச்சர், இண்ணைக்கு என்ன கெழம?"

ஞானசிங் இரண்டு விரலைக் காட்டினார்.

"திங்க," என்றாள் செல்லபாய்.

"இன்னொருக்கா கேளு."

சுஜி கேட்டாள். அவர் நாலு விரலைக் காட்டினார்.

"புதன்," என்றாள் செல்லபாய், அதே தெளிவோடு. மறுபடியும் கேட்கச் சொல்லி ஏழு விரலைக் காட்டினார். "சனி. இண்ணைக்குப் பள்ளிக்கூடம் கெடையாது," என்றாள்.

சுஜி தடுப்பூசிப் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, ஞானசிங்கின் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று படியேறினாள். இந்த நாலு மாதத்தில் கீழ்மாடி ஊழியர்களில் மேல்மாடிக்கு ஏறிய முதல் ஆள் அவள்தான். மேலே ஜாஸ்பரின் குரல் உயர்ந்தது. "ஒருக்கா எழுதுன ரிப்போர்ட்ட அடிச்சா என்னையல்லா கேள்வி கேப்பாங்க?" சுஜி என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. கால்மணி நேரத்தில் இறங்கி வந்தாள்.

"வியாழக்கெழம வாறோம் மாமா, ரெண்டு பேரும். வீட்டுல வச்சுத்தான் பாக்கணுமாம். ஆனா அண்ணைக்கு நீங்க பக்கத்துல இருக்கப்பிடாது."

வியாழக்கிழமை வந்தது. ஜாஸ்பர் இந்தத் தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுஜியின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஞானசிங் முற்றத்துக்கு இறங்கினார். இறங்கின உடனே செல்லபாய் எழுந்துவிட்டாள். "அவிய எங்க போறாவ? என்னைய விட்டுட்டு எங்க போறாவ?" என்று கதவுவரை வந்து அழுதாள். சமாதானப்படுத்தி உட்காரவைத்துவிட்டு மறுபடி இறங்கினார். மறுபடியும் வந்தாள். மூன்றாவது தடவை ஜாஸ்பரே, "இருந்திட்டுப் போட்டும், சாரே. கைய மட்டும் ஒதுக்கி வையிங்க," என்றார்.

ஞானசிங் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். அடிவயிறு வலித்தது.

"டீச்சர், இண்ணைக்கு என்ன கெழம?"

செல்லபாய் அவருடைய முழங்காலைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. முகத்தைப் பார்த்தாள். ஞானசிங் தரையைப் பார்த்தார்.

"நீ சொல்லு பாப்பம்," என்று சுஜியைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மாசம் டீச்சர்?"

"பிள்ளையளுக்குப் பரீச்ச மாசம்."

"எந்த வருஷம்?"

அதற்கும் அவள் கண் வெறும் முழங்காலுக்கே போயிற்று. குடை, சாவி, தேங்காய் மூன்றும் வரவில்லை. ஞானசிங் கண்ணை மூடிக்கொண்டார், அது எங்கேயாவது போய் நின்றுவிடக் கூடாது என்று. மூடினாலும் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. அவள் ஒன்றும் அறியாதவளாக இருந்திருந்தால் இவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. மேலுதட்டில் வியர்த்து, முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள், தான் படிப்பித்த பிள்ளையின் முன்னால். நாலு மாதமாக இதற்குத்தானே அலைந்தோம், இது கிடைக்கவில்லை என்றுதானே கத்தினோம் என்று நினைத்தபோது ஞானசிங்குக்கு அழுகை வந்தது. ஒரு விரல் போதும். தொடைக்கு அடியில் விரல்கள் தாமாகத் துடித்தன. அவர் அவற்றை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஜாஸ்பர் பையிலிருந்து சீல் கட்டையையும் மைப்பெட்டியையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். பதினெட்டுக்கு வெகு கீழே போயாகிவிட்டது. இனி ஒரு கேள்விதான் பாக்கி.

சுஜி கேட்டாள், "டீச்சருக்கு எத்தன பிள்ளைங்க?"

செல்லபாய் எழுந்தாள். மெதுவாக நடந்து ஞானசிங்கின் முன்னால் வந்து நின்றாள். குனிந்து, அவர் தொடைக்கு அடியிலிருந்து வலது கையை இழுத்து எடுத்தாள். அது மூடியிருந்தது. வகுப்பில் சாக்பீஸை ஒளித்து வைத்த பிள்ளையின் கையைத் திறப்பது போல, கோபமில்லாமல், ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். பெருவிரலையும் பிரித்தபின் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஷாஜன் ஒருவனுக்காக ஆள்காட்டி விரலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மடக்கிவிடலாமா என்று ஞானசிங்குக்குத் தோன்றியது. மடக்கவில்லை. கையை அவளிடமே விட்டுவிட்டார்.

அவள் விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முகம் தெளிந்துவிட்டது.

"அஞ்சு," என்றாள் சுஜியிடம். "எங்களுக்கு அஞ்சு பிள்ளைங்க."

ஜாஸ்பர் தலையைத் தூக்கவில்லை. சுஜி கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளில் முட்டை போட்டாள்.

"சரிதானே?" என்று செல்லபாய் புருஷனைக் கேட்டாள். கை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"சரிதான்," என்றார் ஞானசிங். "முழு மார்க்கு."